திரையில் காட்டிய விலையும் கையில் வந்த விலையும்: பழைய போன் விற்பவர்களுக்கு

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று வருடம் பயன்படுத்திய ஆண்ட்ராய்டு போன். பழைய போன் வாங்கும் ஆன்லைன் சேவை ஒன்றில் விவரங்களைக் கொடுத்தபோது 11,500 ரூபாய் காட்டியிருக்கிறது. மறுநாள் வீட்டுக்கு வந்த பையன் போனைச் சோதித்துவிட்டு 7,200 என்று சொல்ல, இவர் கோபப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "இது ஏமாற்று வேலைதானே? பேசாமல் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கொடுத்துவிடலாமா? உள்ளே இருக்கிற போட்டோ, பேங்க் விவரம் எல்லாம் என்ன ஆகும்? 2016-இல் வாங்கிய லேப்டாப் ஒன்றும் சும்மா கிடக்கிறது, அதுவும் போகுமா?" என்பது அவர் கேள்வி.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. மதுரையில் 14 வருடமாக மொபைல் சர்வீஸ் பார்க்கிறேன். பழைய போன் வாங்கி விற்றும் இருக்கிறேன். அதாவது இந்த ஆன்லைன்காரர்கள் எனக்குப் போட்டி. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். இருந்தாலும் சொல்கிறேன், உங்களுக்கு நடந்தது ஏமாற்று இல்லை. பாதித் தவறு அவர்கள் விலையைக் காட்டும் விதத்தில் இருக்கிறது, பாதி நீங்கள் பதில் சொன்ன விதத்தில்.

இந்தச் சேவைகளில் ஒரு போனுக்கு இரண்டு முறை விலை போடுவார்கள். முதல் முறை நீங்கள் சொன்னதை வைத்து, இரண்டாம் முறை போன் சொன்னதை வைத்து. மாடலைத் தேர்ந்தெடுத்ததும் கொட்டை எழுத்தில் வருகிற தொகை, ஒரு கீறல்கூட இல்லாத போனுக்கு உரியது. அதற்குப் பிறகு வரிசையாகக் கேள்வி வரும். திரையில் கோடு உண்டா, உடைசல் உண்டா, கேமரா சரியா, கைரேகை வேலை செய்கிறதா, பில் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா, வாங்கி எத்தனை மாதம் ஆகிறது. நம் ஆட்கள் இங்கேதான் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவது மாதிரி பேசுவார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, சின்னக் கீறல்தான், அது ஒன்றும் தெரியாது. அந்தச் சின்னக் கீறலைத் தேடுவதற்கென்றே ஒரு ஆப்பை வைத்துக்கொண்டு பையன் வருகிறான்.

அவன் வந்ததும் அந்த ஆப்பை உங்கள் போனில் ஏற்றி ஓட்டுவான். தொடுதிரை முழுக்க விரலால் தடவச் சொல்லும், ஸ்பீக்கர், மைக், முன் கேமரா, பின் கேமரா, வைஃபை, ப்ளூடூத், சென்சார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். அப்புறம் அவன் கண்ணால் பார்ப்பதைப் படம் எடுத்துப் போடுவான். இரண்டும் சேர்ந்து புதிய விலை வரும். அதை அவன் முடிவு செய்வதில்லை. அவனோடு பேரம் பேசுவது ஏடிஎம் மெஷினோடு பேரம் பேசுவது மாதிரிதான். வெயிலில் வண்டியில் வந்தவன், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சில பையன்கள், "சார், ஆப் இவ்வளவுதான் காட்டுது. நீங்க ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க, நானே ஐந்நூறு கூடப் போட்டு எடுத்துக்கறேன்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்நூறுக்காக ரசீதை இழக்கிறீர்கள். ரசீது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 11,500-இலிருந்து 7,200 என்பது ஒரேயடியாக 4,300 ரூபாய் இறக்கம். கீறலுக்கு இவ்வளவு இறங்காது. பெரும்பாலும் டிஸ்பிளேதான் காரணமாக இருக்கும். எப்போதாவது போன் கீழே விழுந்து கடையில் டிஸ்பிளே மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், ஒரிஜினல் என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்வது சங்கடம்தான், ஆனால் உண்மை. அமோலெட் திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை, உள்ள போனுக்கு அதே திரை போட்டால் செலவு அதிகம் என்று, பின்னால் விளக்கு எரியும் சாதாரண எல்சிடி வகைத் திரையை மாட்டிவிடுவார்கள். வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, முழுக் கறுப்பாக ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். அமோலெட் என்றால் திரை இருக்கும் இடமே தெரியாது. காப்பி என்றால் சாம்பல் பூத்த மாதிரி வெளிச்சம் கசியும். திரைக்கு அடியில் கைரேகை வைக்கும் மாடலாக இருந்தால் இன்னும் சுலபம், காப்பி போட்டதிலிருந்து அந்தக் கைரேகை வேலையே செய்யாது. பலர் அதைப் பழகிப்போய் பின் நம்பர் போட்டே திறந்துகொண்டிருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, "கைரேகை எப்ப நின்னுச்சு?" என்பதுதான்.

டிஸ்பிளே மாற்றவே இல்லை என்றால், திரையில் மெல்லிய பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ இருக்கிறதா பாருங்கள். அமோலெட் போன்களில் இந்தப் பச்சைக் கோடு வியாதி ரொம்ப சகஜம். சாம்சங் போன் என்றால் டயல் செய்யும் இடத்தில் *#0*# போட்டால் சோதனைப் பக்கம் திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிறம் நிறமாக நிரப்பிப் பார்க்கலாம். ஐபோனில் வேறு மாதிரி. அதில் பேட்டரி ஹெல்த் என்று ஒரு சதவீதம் காட்டும், அது 80-க்குக் கீழே போனால் விலை இறங்கும். பேட்டரியோ டிஸ்பிளேயோ மாற்றியிருந்தால் அமைப்புகளில் அபௌட் பக்கத்தில் போனே அதைச் சொல்லிவிடும். ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ்ஸில் 15.2 பதிப்பு வந்ததிலிருந்து ஒளிக்க வழியில்லை.

ஆக நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பையன் வருவதற்கு முன்னால் அவன் வேலையை நீங்களே செய்வதுதான். குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒன்று விடாமல் உண்மையாகப் பதில் போடுங்கள். இப்போது வரும் தொகை முதலிலேயே சுமார் 7,500 என்று வரும். பையன் வந்த பிறகும் அதிகம் மாறாது. கேஷிஃபை போல இரண்டு மூன்று சேவைகளில் இதே பதில்களைப் போட்டுப் பாருங்கள். ஒரே போனுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வித்தியாசம் வருவது சாதாரணம், யாரிடம் அந்த மாடலை வாங்க ஆள் காத்திருக்கிறாரோ அவர்கள் கூடுதலாகத் தருவார்கள். எல்லாச் சேவையும் எல்லா பின்கோடுக்கும் வராது. மதுரை டவுனுக்குள் சரி, பேரையூர், எழுமலை பக்கம் போனால் ஆள் அனுப்பாமல் இருக்கலாம். அப்படியானால் டவுனில் உள்ள சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து, அன்று நீங்களும் அங்கே இருங்கள். போனைக் கூரியரில் அனுப்பிவிட்டு அங்கிருந்து விலைக்குக் காத்திருக்கும் முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பொருள் கையை விட்டுப் போன பிறகு பேச்சு நம் பக்கம் இல்லை.

"சரி அண்ணே, அவன் இதே போனை எவ்வளவுக்கு விற்பான்?" என்று கேட்பீர்கள். கூடுதலாகத்தான் விற்பான். கணக்குக்காக, உங்களிடம் 7,000-க்கு வாங்கி 10,500-க்கு விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 3,500. அதில் பையனின் கூலி, பெட்ரோல், கிடங்குக்கு அனுப்பும் செலவு, டிஸ்பிளேயோ பேட்டரியோ மாற்றும் செலவு, ஆறு மாத வாரண்டி என்று கொடுத்தால் திரும்பி வரும் போன்களின் நஷ்டம், லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. போன் கிடங்கில் தூங்குகிற ஒவ்வொரு வாரமும் விலை இறங்கும். நகை மாதிரி இல்லை, வாழைப்பழம் மாதிரி. எல்லாப் போனும் பளபளவென்று மறுபடி கடைக்கு வருவதும் இல்லை. சுமாரானவற்றைக் கட்டுக் கட்டாக வியாபாரிகளுக்கு ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். டெல்லி கஃபார் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் அவை பிரிந்து, நல்ல போர்டு ஒரு பக்கம், நல்ல கேமரா ஒரு பக்கம் என்று போகும்.

வாழைப்பழம் என்று சொன்னதால் நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதிய ஐபோன் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். பழைய ஐபோனை விற்பதென்றால் ஆகஸ்டிலேயே விற்றுவிடுங்கள். தீபாவளியை ஒட்டி எல்லோரும் புதுப் போன் வாங்கிப் பழையதைத் தள்ளுவார்கள், அப்போது வரத்து அதிகம். சேவை காட்டும் விலையும் சில நாட்களுக்குத்தான் நிற்கும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பீரோவில் வைத்த போனுக்கு அடுத்த மாதம் அதே விலை வந்து நான் பார்த்ததில்லை.

இனி கடை. மீனாட்சி பஜார் பக்கமோ டவுன் ஹால் ரோடு பக்கமோ கொண்டுபோனால், ஆன்லைன் விலை தெரியாமல் போகாதீர்கள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். நல்ல நிலையில் உள்ள, எல்லோரும் கேட்கிற மாடல் என்றால் கடைக்காரர் ஆன்லைன் விலையைவிட ஐந்நூறோ ஆயிரமோ கூடவே கொடுப்பார். காரணம், பெரும்பாலும் அன்று மாலையே அது கைமாறிவிடும், கிடங்குச் செலவு கிடையாது. திரை நொறுங்கிய போன், ஆன் ஆகாத போன் என்றாலும் கடைதான் உத்தமம். ஆன்லைனில் டெட் போனுக்குக் கிடைப்பது டீ செலவுக்குத்தான் சரியாக இருக்கும். கடைக்காரருக்கு அதன் போர்டும் கேமராவும் வேலைக்கு ஆகும். நடுத்தர நிலையில் உள்ள, கொஞ்சம் பழைய மாடல்களுக்கு ஆன்லைன் பரவாயில்லை. உங்களுடையது அந்த ரகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எந்தக் கடையில் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. 2016-இல் ஒரு பையன் என் கடைக்கு வந்து, அவசரமாகப் பணம் வேண்டும் என்று ஒரு போனைக் கொடுத்தான். பெட்டி இல்லை, பில் இல்லை. முகம் பாவமாக இருந்தது, வாங்கிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார்கள். அது பஸ்ஸில் அடித்த போன். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை வைத்து, என்னிடம் வாங்கியவரைப் பிடித்திருக்கிறார்கள், அவர் என்னைக் காட்டிவிட்டார். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நாலு நாள் கடையை அடைத்துவிட்டு அலைந்தேன். அன்றிலிருந்து அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு சார்ஜர்கூட வாங்குவதில்லை. ஆன்லைன்காரர் ஆதார் கேட்கிறார், உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்கிறார் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் காகிதம் உங்களுக்கும்தான் காவல். இன்ன தேதியில் இந்தப் போன் என் கையை விட்டுப் போனது என்பதற்கு வேறு என்ன சாட்சி இருக்கிறது? நகல் கொடுக்கும்போது அதன் மேல் "இன்ன போன் விற்பனைக்கு மட்டும்" என்று தேதி போட்டுக் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஆதார் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் நகல் இணையத்தில் எடுக்கலாம், அதைக் கொடுத்தாலும் போதும் என்றால் அதையே கொடுங்கள்.

நீங்களே யாரிடமாவது பழையதாக வாங்கிய போனை இப்போது விற்கிறீர்கள் என்றால், முதலில் *#06# போட்டு 15 இலக்க ஐஎம்இஐயைக் குறித்துக்கொள்ளுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளியும், அந்த எண்ணும் அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். 2023 மே மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் இதையே பார்க்கலாம். முடக்கப்பட்டது என்று வந்தால் விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தெரிந்தவர், தெரியாதவர் என்று நேரடியாக ஆளுக்கு விற்பதுதான் மூன்றாவது வழி. பணம் அதிகம் வரும், தலைவலியும் அதிகம். "மிலிட்டரியில் இருக்கிறேன், போனை அனுப்பிவையுங்கள், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்" என்று சொல்கிறவர் நிச்சயம் திருடர். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

இப்போது போட்டோவும் பேங்க் விவரமும். இதற்குப் பயந்தே வீட்டுக்கு வீடு மூன்று பழைய போன் கிடக்கிறது. பயம் நியாயம்தான், ஆனால் இன்றைய போன்களுக்கு அது கொஞ்சம் மிகை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த போன்கள் எல்லாம் உள்ளே இருப்பதைப் பூட்டிய எழுத்தாகவே சேமிக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவி அழிந்துவிடுகிறது. பெட்டி இருந்தாலும் திறக்க முடியாது. பழைய காலத்து போன் என்றால் மட்டும், ஒரு முறை ரீசெட் செய்து, வைகைப் பாலத்தையோ வீட்டுச் சுவரையோ நினைவகம் நிறையும் வரை வீடியோ எடுத்து, மறுபடி ரீசெட் செய்யுங்கள்.

ரீசெட்டுக்கு முன் செய்ய வேண்டியதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கூகுள் கணக்கை அமைப்புகளுக்குள் போய் நீக்கிவிட்டு, அப்புறம் ரீசெட் செய்ய வேண்டும். நீக்காமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால் போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டே நிற்கும். சாம்சங் கணக்கு, ஷாவ்மி கணக்கு இருந்தால் அதையும் நீக்குங்கள். ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதி அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். வாட்ஸ்அப்புக்கு பேக்கப் எடுத்தீர்களா, இரட்டைச் சரிபார்ப்புக் குறியீடு தரும் ஆப்பைப் புது போனுக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு ஆபீஸ் மெயிலுக்குள் நுழைய முடியாமல் தவித்தவர்கள் என் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள், இ-சிம் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். சோதனைக்காகப் போன் இயங்க வேண்டும் என்பதால், பையன் வரும்போது பேக்கப்பும் கணக்கு நீக்கமும் முடித்து வைத்திருங்கள். விலை ஒத்துப்போய், பணம் உங்கள் பேங்க் கணக்கில் ஏறிவிட்டதை பேலன்ஸ் பார்த்து உறுதி செய்த பிறகு, உங்கள் கையாலேயே கடைசி ரீசெட்டைக் கொடுங்கள். எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள், பேலன்ஸைப் பாருங்கள்.

புதுப் போனை ஆன்லைனில் வாங்கி எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். புதுசைக் கொண்டு வருகிற ஆளே பழையதை வாங்கிக்கொண்டு போவார். இதிலிருந்து அதற்கு எதையும் மாற்ற நேரமே இருக்காது. அதனால் எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று இரண்டாயிரம் கூடக் காட்டினாலும், முந்தின நாளே எல்லாவற்றையும் ஆன்லைன் சேமிப்பிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றி வைக்க முடிந்தால்தான் அந்த வழி. வாசலில் வைத்துப் பழைய போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மீதிப் பணத்தை அப்போதே கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

லேப்டாப்பைப் பற்றிச் சொன்னால் வருத்தப்படுவீர்கள். 2016 மாடல் என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இன்டெல் ஆறாம் தலைமுறை ப்ராசஸராக இருக்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது எட்டாம் தலைமுறை கேட்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதனால் ஆன்லைனில் இதற்கு வரும் விலை, அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும் கூலிக்குத்தான் காணும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு, கல்லூரி முதல் வருடம் படிக்கிற சொந்தக்காரப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். விற்றே தீருவேன் என்றால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்றுவிடுங்கள். சில நூறு ரூபாய் குறையும், குறையட்டும். பழைய சுழலும் டிஸ்கில் வெறும் ஃபார்மேட் செய்தது அழித்ததாகாது, அதிலிருந்து கல்யாண ஆல்பத்தை முழுசாக மீட்டுக் கொடுத்தவன் நான். 2011-இல் தொடங்கி பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த முத்திரை போட்ட லேப்டாப்பை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். வாரத்துக்கு ஒருவர் வருகிறார், நான் எடுப்பதில்லை.

யாரும் வாங்காத பொருள்கள் மிஞ்சினால், குறிப்பாக பேட்டரி உப்பிய போன் இருந்தால், அதை அமுக்கவோ குத்தவோ சார்ஜ் போடவோ வேண்டாம். மேலூரில் என் சித்தப்பா வீட்டு பீரோவில் ஒரு போன் பூரி மாதிரி உப்பி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்தது. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்படிப்பட்டதை எந்தச் சேவையும் வாங்காது. மண் போட்ட தகர டப்பாவில் வைத்து, மின்கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடமோ, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள்படி, அதை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிக்கிற கம்பெனிகளுக்கு இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் போட்டால் யாரோ ஒருவர் அதைச் சுத்தியலால் உடைப்பார்.

ஆக, தம்பி, நாளைக்கே டிஸ்பிளேயை இருட்டில் வைத்துப் பாருங்கள். காப்பி என்று தெரிந்தால் அதைச் சொல்லியே மறுபடி விலை எடுங்கள். 7,000-க்கு மேல் எது வந்தாலும் கொடுத்துவிடலாம். ஒரிஜினல்தான், கோடும் இல்லை என்றால் அந்த 7,200 குறைவு, கடைக்கு நேரில் எடுத்து வாருங்கள். கொடுக்கும் முன் போன் கவரைக் கழற்றிப் பாருங்கள். இந்த 14 வருடத்தில் கவருக்குப் பின்னால் மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டு, மீனாட்சி அம்மன் படம், ஒரு வேலை இன்டர்வியூ கடிதம் எல்லாம் எடுத்து, ஆளைத் தேடித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.